ஊசிக்கு மாமன் மடி

பென்னாகரத்தில் தோட்டமும் மாடுமாகச் செழிப்புடன் விளங்கும் என் தாய்மாமன் மாயவன் அவர்களுக்கு, பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் மாதேஷ் பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா நலம். தங்கை பூவிழி நலம். தக்காளி வண்டி ஓட்டும் நானும் நலம். அங்கு அத்தையும் செவலைக் கிடேரியும் நலமா? போனில் நீங்கள் மட்டுமே பேசுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதத் துணிந்தேன்.

விஷயம் என்னவென்றால், பூவிழி படிக்கும் காலேஜில் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். எச்.பி.வி. ஊசி என்று பெயர். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நல்ல சமாச்சாரமாச்சே, போட்டுக்கட்டும்னு நான் சொன்னேன். அம்மா டீ டம்ளரை டங்குனு வெச்சிட்டு, "அவளுக்குக் காது குத்துனப்ப யார் மடியில உக்காந்தா? என் தம்பி மடியில. ஊசின்னா ஊசிதான். அவன் சரின்னாத்தான் போடணும்"னு சொல்லிடுச்சு. காது குத்தறதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்னு கேட்டா, "ரெண்டுலயும் புள்ள அழுவுமில்ல?"ங்குது.

சரி, உங்களக் கேக்கலாம்னு பாத்தா, நீங்க குடும்ப குரூப்ல வாய்ஸ் போட்டு வெச்சிருக்கீங்க. "இந்த ஊசிய போட்டா பொண்ணுங்களுக்குக் கொழந்தையே பொறக்காதாம், பெத்தவங்க உஷாரு!" யாரு சொன்னாங்க மாமா? கேட்டா, "அனுப்புனவன் பொய்யா சொல்வான்?"னு கீழ வேற எழுதறீங்க. போன மாசம் மாட்டு டாக்டர் உங்க ஊருக்கு வந்தாரே, செனையிலயே கன்னு கலைஞ்சு போற கன்னு வீச்சு நோவுக்கு ஊசி போட, ஞாபகம் இருக்குதுங்களா? பொட்டக் கன்னுக்கு மட்டுந்தான்னு சொன்னதும் மொத ஆளா செவலைய இழுத்துட்டுப் போய் நின்னது யாரு? நான்தான கவுத்தப் புடிச்சேன்! "இப்பவே போட்டாத்தான்டா நாளைக்கு நல்லபடியா கன்னு போடும்"னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. ஊசி போட்ட அடையாளமா அது காதுல மஞ்சத் தோடு மாட்டுனத போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வேற. கிடேரி மேல இருக்கற அக்கறையில பாதி அக்கா மவ மேல இருக்கக் கூடாதா?

உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நான் காலேஜ பாதியில வுட்டவன். படிக்கறவங்களாவது தெளிவா இருப்பாங்கன்னு, பூவிழியக் கூப்புடப் போனப்ப அவ கூட்டாளி கனிமொழியக் கேட்டேன். அந்தப் பொண்ணு மைக்ரோபயாலஜி. அந்தப் புத்துநோவக் கொண்டு வர்ற வைரஸையே கலர் கோலமா போட்டு, விழிப்புணர்வுப் போட்டியில மொத பரிசு வாங்கியிருக்குது. "நீ ஊசி போட்டியாம்மா?"ன்னா, "ஐயோ அண்ணா, போட்டா 'உனக்கு எதுக்கு இது'ன்னு வூட்ல ஒரு மாதிரி பாப்பாங்க"ங்குது. "அப்ப கோலம்?" "அது சர்டிபிகேட்டுக்குண்ணா." பக்கத்துல நின்ன பசங்க, "அது பொண்ணுங்க சமாச்சாரம் ப்ரோ"ன்னு போனத் தேய்ச்சிட்டு இருக்கானுங்க. தடுப்பூசியின் நன்மைகள்னு பக்கம் பக்கமா பரிட்சை எழுதற கை, ஊசிக்கு மட்டும் நீள மாட்டேங்குது. காலேஜுக்கு ஊசி போட வந்த நர்ஸ் சகாயமேரி அக்கா காலி சேருங்களுக்கு நடுவுல உக்காந்து கொட்டாவி வுட்டுட்டு இருந்தாங்க. எனக்கெல்லாம் ஊசின்னா பயமே கெடையாது மாமா. எனக்குப் போடறதா இருந்தா இந்நேரம் மொத ஆளா சட்டையக் கழட்டியிருப்பேன்.

அதனால வெள்ளிக்கெழம மொத பஸ்ஸப் புடிச்சு வாங்க. "போட்டுக்கட்டும்"னு அம்மாகிட்ட ஒரே வார்த்த சொல்லுங்க. குரூப்ல அந்த வாய்ஸையும் அழிச்சிடுங்க. உங்க தோட்டத்துக் கெணறு வத்தாம, செவலை நல்லபடியா கன்னு போட்டு, அத்தை கையால சீம்பால் எனக்கும் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டு முடிக்கறேன்.

இப்படிக்கு,
ஊசிக்கு அஞ்சாத தங்கள் மருமகன்
மாதேஷ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போறப்ப, பூவிழி எனக்குப் பின்னாடியே நின்னு பூராவும் படிச்சிட்டா. "எனக்குப் பத்தொம்பது வயசுண்ணா. யார் மடியும் வேணாம். திங்கக்கெழமையே போட்டுட்டு வந்துட்டேன்"னு கையக் காட்டறா. அதோட வுட்டாளா? "இந்த வைரஸ் ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்களும் போட்டுக்கலாம். நீ சட்டையக் கழட்டறேன்னு எழுதுன எடத்த போட்டோ புடிச்சு சகாயமேரி அக்காவுக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கெழம உனக்கு ஒண்ணு எடுத்து வெக்கறாங்களாம்"ங்கறா. மாமா, அந்த வாய்ஸ இப்போதைக்கு அழிக்காதீங்க. அதுலயே ஆம்பளைங்களுக்கும் ஆகாதுன்னு சேத்துப் பேச முடியுமா? முடியலன்னா மொத பஸ்ஸுக்கே வந்துடுங்க. எனக்குக் காது குத்துனதும் உங்க மடியிலதான்.