இலைப்பைக் கோட்டையும் உருப்பெருக்கியாரும்

வாழ்க உருப்பெருக்கியார்! தாவரத் தோட்டத்துப் பெயர்காண் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே நாற்காலியைத் தேய்த்துவரும் திண்ணிய இடுப்பினர். கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு தொங்கும் சிறு கண்ணாடியால் அப்பெயர் பெற்றவர். உலர்ந்த இலையில் ஒரு துணுக்கைக் கண்டாலே அதன் பாட்டன் பூட்டன் வரை சொல்லவல்ல பேராற்றலாளர். அவர் வெற்றியைப் பாட வேறு நல்ல ஆள் அகப்படவில்லை. ஆகவே நான் பாடுகிறேன், பொறுத்தருள்க.

போருக்குக் காரணம் ஒரு செடி. இடுப்புயரம், உடம்பெல்லாம் முரட்டு மயிர், காம்பை ஒட்டிய இலையடியில் உப்பிய சிறு பை, அந்தப் பைக்குள் வாடகையின்றிக் குடும்பம் நடத்தும் எறும்புகள். மழைக்காட்டுப் புதர் என்பது தெரியும்; பெயர்தான் தெரியாது. கண்ணாடிக்குடிலின் தோட்டக்காரி, அதாவது உருப்பெருக்கியாரின் மனைவிக்குத் தங்கை, எழுத்தழிந்த உறையில் வந்த ஒற்றை விதையை ஆறு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக வளர்த்து அவ்வளவு உயரம் ஆக்கியிருந்தாள். புதிதாக வந்த கண்காணிப்பாளரோ, பெயர்ப்பலகை இல்லாத தொட்டியெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எருக்குழிக்குப் போகும் என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். மூன்று வாரமாக அவள் செடியின் பெயரைக் கேட்க, பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்லிவந்த நம் வீரர் குடிலுக்குள் அடியெடுத்து வைத்தபோது அதே வெள்ளிக்கிழமை, மணி நாலே கால். தள்ளுவண்டி வாசலில் நின்றது. அழுகையை மறைக்கத்தான் அவள் வாளிகளை அத்தனை சத்தமாகக் கீழே வைத்தாள்.

செடியைச் சுற்றி ஒருமுறை வலம்வந்த உருப்பெருக்கியார், இது ஒன்று டோகோகா இனமாக இருக்கவேண்டும், இல்லையேல் மையேட்டா இனமாக இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதுவரை சரிதான். இரண்டில் எது என்பதைப் பையின் உட்சுவரில் மயிர் உண்டா இல்லையா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று தமக்குத் தாமே ஒரு விதியும் இயற்றிக்கொண்டார். கேள்விமேல் கேள்வி கேட்டுச் செடியின் பெயரில் கொண்டுபோய் விடுகிற கையேடு அவர் அக்குளிலேயே இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் போய் முதல் பக்கத்திலிருந்தா படிப்பார்?

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். அன்றுவரை அவர் கண்ட எறும்பெல்லாம் உலர்த்திய இலையோடு தாளில் நசுங்கி ஒழுக்கமாகப் படுத்திருந்த எறும்புகள்.

இடக்கையில் இடுக்கி ஏந்தி, வலக்கையில் சவர பிளேடு தாங்கி, வழுக்கைத் தலையில் குடிலின் கூரைநீர் சொட்டுச் சொட்டாய் முடிசூட்ட, இலைப்பைக் கோட்டையின் முன் மண்டியிட்ட அம்மாவீரர், எண்டிசையும் அதிரப் போர்ப்பிரகடனம் செய்தார்:

“கொஞ்சம் நகருங்கப்பா, ரெண்டே நிமிஷம்.”

நகர்ந்தார்களா? பிளேடு பட்டதுதான் தாமதம், வாயில்தோறும் வெள்ளமெனப் பெருகி, இடுக்கியில் ஏறி, மணிக்கட்டைக் கடந்து, முழங்கை மேட்டில் அணிவகுத்து, சட்டைக்கையின் இருளில் புகுந்து, அக்குள் பள்ளத்தாக்கைக் கைப்பற்றி, முதுகெனும் பெருவெளியில், கை எட்டாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் பாசறை அமைத்துக் கடித்தது அக்குறுஞ்சேனை. நம் வீரர் ஒற்றைக்காலில் ஆடினார். சட்டையைப் பிடித்து உதறினார். கையேட்டை எங்கோ வீசினார். கண்ணாடிக்குள்ளேயே ஓர் எறும்பு யானையாய்த் தோன்றி முறைத்தபோது ஒரு கணம் கண்ணையும் மூடிக்கொண்டார். ஆனால் பிளந்த பையை மட்டும் விடவில்லை. அதற்காகவாவது அவரை மெச்சத்தான் வேண்டும்.

இத்தனை குருதி சிந்திக் கண்ட உண்மை யாது? உட்சுவரில் மயிர் இருந்தது. அதாவது, ஓரிடத்தில் இருந்தது, ஓரிடத்தில் இல்லை. மணி நாலே முக்காலைத் தாண்டிவிட்டது. வண்டிக்காரர் உள்ளே வந்து, எந்தத் தொட்டி என்று கேட்டார். உருப்பெருக்கியார் பிளந்த பையையே மறுபடியும் கண்ணாடியால் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் மைத்துனியின் முகத்துக்கு முன்னால்.

அவளோ, ஈரத்தரையில் கிடந்த கையேட்டை எடுத்துப் பாவாடையில் துடைத்து, விவரம் தெரியாதவர்கள் செய்வதுபோல முதல் பக்கத்தைத் திறந்தாள்.

“மாமா, ஜோடி இலை ரெண்டும் ஒரே அளவா, இல்ல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசான்னு கேட்டிருக்கு. பெருசுல மட்டும் பை இருந்தா மையேட்டாவாம்.”

உருப்பெருக்கியார் இரண்டடி பின்வாங்கி, கண்ணாடியைக் கீழே விட்டு, வெறுங்கண்ணால் செடியைப் பார்த்தார். கணுவுக்குக் கணு, உள்ளங்கை அகலத்தில் பையோடு ஓர் இலை. அதற்கு எதிரே பையில்லாமல் நகத்தளவு ஒன்று.

“இது உனக்குத் தெரியுமா?”

“ஆறு வருஷமா ஒவ்வொரு இலையா தொடைக்கிறேன். தெரியாமலா?”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

வண்டி மற்றத் தொட்டிகளோடு நகர்ந்தது. மையேட்டா என்று பெரிய எழுத்தில் பலகையில் எழுதி மண்ணில் ஊன்றியபின்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே அவர் காலரில் ஊர்ந்த எறும்பு ஒன்றைத் தட்டிவிட்டாள். எழுகடல் சூழ் உலகே, கேள்! பெயரற்றதற்குப் பெயர் வந்தது, எருக்குழி ஏமாந்தது, எறும்புக்குலம் கிழிந்த ஒரு வீட்டைத் தவிர மற்றெல்லா வீடுகளிலும் மீண்டும் குடியேறியது. வெற்றிவாகை சூடிய உருப்பெருக்கியார், வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு களிம்பு வாங்கினார்.