முதற்பலனாய் ஏலம் போன பூஞ்சை

சித்தூர்
3.10.1989

திருப்பதியில் இருக்கும் பேராசிரியர் நாகபூஷணம் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற சப்-போஸ்ட்மாஸ்டர் ஞானசிங் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி கிருபாபாயும் சுகம். அங்கு தாங்களும் தாங்கள் வளர்க்கும் பூஞ்சைகளும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறோம்.

என் மகள் கிருபாவதி நான்கு வருடமாகத் தங்களிடம் ஆராய்ச்சி செய்வது தாங்கள் அறிந்ததே. வாய்ப்புண் உண்டாக்கும் பூஞ்சை ஒரு புரதம் செய்ய வைத்திருக்கும் ஜீனை க்ளோன் செய்து, நுரையீரலில் குடியேறும் இன்னொரு பூஞ்சையின் ஜீனோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறாளாம். மனிதனிடம் இல்லாதது அதில் எது என்று பிடித்துவிட்டால், நோயாளியை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் தீர்த்துக்கட்டலாமாம். "உங்க பொண்ணு திருப்பதியில இன்னா பண்ணிக்கினு கீது?" என்று கேட்கும் எங்கள் சர்ச் சபையாருக்கு இவ்வளவையும் விளக்கினால், "அதெல்லாம் சரி, கல்யாணம் எப்போ?" என்கிறார்கள்.

தசரா விடுமுறைக்கு வந்தவள் பிஸ்கட் டப்பாவில் அந்தப் பூஞ்சை வளரும் நான்கு கண்ணாடித் தட்டுகள் கொண்டுவந்து, "நைனா, தட்ட யாரும் தொடக்கூடாது" என்று ஃப்ரிஜ்ஜில் வைத்தாள். நான் தட்டைத் தொடவில்லை ஐயா, டப்பாவைத்தான் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதற்பலனைப் பீடத்தில் வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் சபை வழக்கம். ஏர்பேட்டுக்காரர்கள் வேர்க்கடலை கொண்டுவருவார்கள், தச்சர் இயேசுதாசன் முக்காலி கொண்டுவருவார், பென்ஷன்காரனான நான் வருடாவருடம் சந்தைப் பூசணிக்காயோடு போய்க் கேலிக்கு ஆளாகித் திரும்புவேன். இந்த வருடம் நம் வீட்டிலும் ஒருத்தி சொந்தக் கையால் ஏதோ வளர்த்திருக்கிறாளே என்று பெருமை தலைக்கேறிவிட்டது. டப்பாவைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தேன், பாஸ்டர் கைவைத்து ஆசீர்வதித்தார். சபையின் தபீதாள் அம்மாள் போட்டி போட்டு ஏலம் எடுத்தார். "தட்டெல்லாம் பூஞ்சாளம் புடிச்சிருந்திச்சி சிங்கு, சோடாவுல வேகவச்சிக் கழுவிட்டேன்" என்று சொல்லி, அதில் எனக்கே முறுக்கு வைத்துக் கொடுத்தார்.

"இன்னா நைனா பண்ணிட்ட! நாலு வருசம் நைனா!" என்று உட்கார்ந்த பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை ஐயா. தட்டு ஆய்வகத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற தங்கள் விதியை அவள் மீறியது தப்புதான். விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுவிடுமோ என்ற பயத்தில் செய்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் ஒரு விதியும் மீறாமல் தபால் சேவை செய்தவன் கேட்கிறேன்: அவளை நீக்கிவிடாதீர்கள், என்ன தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள்.

கர்த்தர் தங்கள் குடும்பத்தையும் ஃப்ரீசரையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஞானசிங்

பி.கு. (உறையின் மேல் எழுதுவது): இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், கிருபாவதி தோசை தின்றுகொண்டிருக்கிறாள். ஃப்ரீசர் ஓடுகிறது, உள்ளே எல்லாம் பத்திரம் என்று ஆய்வகத் தோழி மல்லிகாவிடமிருந்து தந்தி வந்திருக்கிறது. "க்ளோன்னாலே நகலெடுக்கறதுதான் நைனா, போனது ஒரு நகல்தான். நல்லவேள, வெளிய எடுத்தாந்தது சாருக்குத் தெரியாது. நீ வாயத் தொறக்காத" என்றாள். தபாலாபீசுக்குத் திரும்ப ஓடிவந்தேன். கவுண்டரில் ரங்கையா, "முத்திரை குத்திட்டேன் சார், திருப்பித் தரக்கூடாது" என்கிறான். அந்த விதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மேலே எழுதிக்கொள்ளப் பேனா மட்டும் கொடுத்தான். ஆகையால் ஐயா, தயவுசெய்து உறையைப் பிரிக்க வேண்டாம். உள்ளே ஒன்றுமில்லை.