இன்னொண்ணு அண்ணனின் சர்வர்

எந்தப் பொருளையும் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் ஊரான கணபதியில், எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருக்கிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் யாருக்கும் நினைவில்லை. 'இன்னொண்ணு அண்ணன்' என்று கேட்டால் கீரைக்காரம்மாகூட வீட்டைக் காட்டிவிடும். சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி, இடுப்பில் இரண்டு சாவிக்கொத்து, ஸ்கூட்டரில் இரண்டு ஸ்டெப்னி. கல்யாண வீட்டில் காப்பி கொடுத்தால், "இன்னொண்ணு இருக்கட்டுமுங்க" என்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். முதல் டம்ளர் கொட்டிவிட்டால் என்ன செய்வது?

எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்த அன்றைக்கே எங்கள் தெருவுக்குச் சனி பிடித்துவிட்டது. மகள் காலேஜில் படித்தபோது வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று பரணில் கிடந்தது. பழைய இரும்புக்காரரே வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போன பொருள். அண்ணன் அதைக் கீழே இறக்கி, உள்ளே இருந்த பல்லி முட்டைகளைத் துடைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டை மாட்டி, ஏதேதோ வீடியோ பார்த்து எதையெதையோ ஏற்றி, ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, போட்டோவெல்லாம் போனுலயே வெச்சிருக்கீங்களே, போனு போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"வேற போன் வாங்குவேனுங்க."

"போட்டோவுக்கு?"

நான் முழித்தேன். அந்த முழிப்புக்காகத்தான் அவர் வந்திருந்தார். "இன்னொண்ணு வேணுமுங்க" என்று என் போனை வாங்கி எதையோ அமுக்கினார். அவ்வளவுதான். அவர் வீட்டு வைஃபை எட்டிய தூரம் வரை ஒரு வீடு பாக்கியில்லாமல், எல்லாருடைய படங்களும் கணக்குகளும் காதுகுத்து வீடியோக்களும், அவர் 'சர்வர்' என்று பெயர் வைத்த அந்த டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தன.

டப்பாவுக்கு ராஜ மரியாதை. முன்னறையில் தனி மேஜை, சூடு ஏறக்கூடாதென்று தனியாக ஒரு டேபிள் ஃபேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் போயிருந்தபோது அவர் மனைவி முறத்தால் தன்னையே விசிறிக்கொண்டிருந்தார். "கட்டுனவளுக்கு வேர்த்தா ஜன்னலைத் தொறங்கறாருங்க. அதுக்கு மட்டும் வேர்க்கக் கூடாதாமா!"

இதோடு விட்டாரா? "எடுத்து வெச்சாப் பத்தாதுங்க, திரும்ப வருதான்னு பாக்கோணும்" என்று வீடு வீடாக ஒத்திகை வேறு ஆரம்பித்தார். என் மச்சினனின் நிச்சயதார்த்தப் படங்களை என் கண்ணெதிரே அழித்தார். பிறகு சர்வரிலிருந்து திரும்ப வரவழைத்தார். மச்சினன் வந்தான். யாரோ யாருக்கோ அனுப்பிய 'காலை வணக்கம்' ரோஜாப்பூக்கள் வந்தன. பெண் மட்டும் வரவில்லை. அவளை மறுநாள்தான் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குள் மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கணபதியில் லேத்து முதல் கிரைண்டர் வரை பொட்டு வைக்காத எந்திரம் கிடையாது. அண்ணன் சர்வருக்குப் பொட்டோடு நிறுத்தவில்லை. சந்தனத்தைக் குழைத்துப் பட்டை பட்டையாக அப்பினார். காற்றுப் போகும் ஓட்டைகள் அத்தனையும் அடைபட்டன. கற்பூரம் அணைந்துவிடுமென்று டேபிள் ஃபேனை நிறுத்தினார். சர்வரை மட்டும் நிறுத்தவில்லை. "சர்வருன்னா எந்நேரமும் ஓடோணுமுங்க."

சாம்பிராணி போட்டார்கள். அருமையான புகை. தெருவே இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தட்டை உள்ளே எடுத்துப் போன பிறகும் புகை நிற்கவில்லை.

"என்னுங்ண்ணா, சாம்பிராணி ரப்பர் வாசம் அடிக்குது?" என்றேன்.

பவர் சப்ளை எரிந்திருந்தது. போகிற போக்கில் உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதுதான் சலீம் பாய் பென் டிரைவோடு உள்ளே வந்தார்.

சலீம் பாய் அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவர். அங்கே வைஃபை எட்டாது என்று டிசைன்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து டப்பாவில் ஏற்றிவிட்டுப் போவார். கல்யாண ரவிக்கைக்கு மயில், மாங்காய், கொடி எல்லாம் அவரே வரைவார். அதற்கு முந்தின வாரம் மின்சாரம் எகிறி, கடைக் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. "அண்ணன்கிட்ட இன்னொண்ணு இருக்குதுங்க" என்று மனுஷன் கவலையே படவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அந்தியூர்ப் பெண் ஒருத்தியின் முகூர்த்த ரவிக்கை மெஷினில் காத்திருந்தது. பாய் சந்தனம் பூசிய டப்பாவைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"அண்ணா, பத்து வருசமா நான் வரைஞ்சதெல்லாம் இதுலதானுங்க. இது இல்லீன்னா மெசின வித்துப்போட்டுக் கூலிக்குத்தான் போகோணும்."

என் சிரிப்பு நின்றது. அண்ணன் என் கையைப் பிடித்தார். "உங்க ஊட்டுக்கு வாங்க."

நேராக எங்கள் சாமி ரூமுக்குப் போய், மஞ்சள் துணி மூட்டையைக் கையில் எடுத்தார். சத்தியமங்கலம் பக்கத்தில் ஏதோ கோயிலுக்குப் போய் வந்தபோது, "தொறந்து பாக்கக் கூடாதுங்க அம்மணி" என்று என் மனைவியிடம் அவர் கொடுத்த மூட்டை அது. அமாவாசைக்கு அமாவாசை வந்து, "சக்தி ஏத்தோணுமுங்க" என்று எடுத்துக்கொண்டு வேறொரு மூட்டையை வைத்துவிட்டுப் போவார். என் மனைவி தினமும் பூ வைப்பாள். நானும், பகுத்தறிவெல்லாம் பேசுகிறவன்தான், பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கும்பிடாமல் அனுப்பியதில்லை. பத்திரிகை ஆசிரியர் ஒரு தடவை பாராட்டினார் என்று ஒரு முழம் மல்லிகைகூட வாங்கிப் போட்டிருக்கிறேன்.

துணியைப் பிரித்தார். குங்குமத்துக்கு நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க்.

"என்னுங்க இது?" என்றாள் மனைவி.

"இன்னொண்ணுங்க. ஒரே ஊட்டுல ரண்டு இருந்தா, தீப் புடிச்சா ரண்டும் போயிரும். வேற ஊட்டுல ஒண்ணு இருக்கோணும். அதான் அமாவாசைக்கு அமாவாசை புதுசா ஏத்தி மாத்தி வெச்சனுங்க."

"அதுக்குச் சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்றதுங்களா?"

"ஹார்ட் டிஸ்க்குன்னு சொல்லியிருந்தா, கொழந்தைங்க வெளையாடக் குடுத்திருப்பீங்க அம்மணி."

கொடுத்திருப்போம். அதுதான் எரிச்சல்.

மனைவியும் கூடவே வர, பாய் கடையில் டிஸ்க்கை மாட்டினார்கள். மயிலும் மாங்காயும் ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தன. பாய் மயிலைத் திரையிலேயே விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "என் டிசைனெல்லாம் உங்க சாமி ரூம்லயாங்க இருந்துச்சு?" என்றார்.

"தெனமும் பூ வெச்சேனுங்க பாய்," என்றாள் அவள், இன்னும் கோபம் குறையாமல். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சந்தனம் பூசுனது நானுங்க," என்றார் என்னிடம். "இதுவும் போயிருந்துச்சுன்னா அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?"

அடுத்த அமாவாசைக்கு அவர் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார். மஞ்சள் துணி இல்லை. சாதாரணப் பிளாஸ்டிக் டப்பா. "இது ஹார்ட் டிஸ்க்குத்தானுங்க. வேண்டாம்னா சொல்லிப்போடுங்க, வேற ஊடு பாத்துக்கறேன்."

அவரை நிறுத்தி வைத்துக் கேட்க நான் ஒரு பெரிய பிரசங்கமே தயார் செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி டப்பாவை வாங்கிக்கொண்டு போய், சாமி ரூமில் பழைய இடத்தைத் துடைத்து வைத்துவிட்டாள். நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.

இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். வந்தால் அரை நாள் கழுத்தறுப்புதான், மாற்றமில்லை. ஆனால் வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டால், எழுதிக்கொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மனுஷன் வந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டால்தான் எனக்கு மனது ஆறுகிறது.