கோபம் ஒன்றுமில்லை, ரௌட்டரை அணைத்துவிட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னை "இந்தா", "இங்க பாரு", "எங்க போய்ட்ட" என்றே கூப்பிட்டுப் பழகியவனுக்குக் கடிதத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று விளங்கவில்லை. போகட்டும். இங்கு நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்கத்தான் மாப்பிள்ளை இந்த இன்டர்நெட் போனைப் போட்டுக்கொடுத்தார். அது செய்த கூத்தில் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மகள் வேலைக்குத் திரும்பி, பேத்தி நடக்கத் தொடங்குகிற வரைக்கும் நீ அங்கேயே நிதானமாக இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று மேல்வீட்டு டீச்சர் படிக்கட்டில் என்னை மறித்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணாங்க. ராத்திரி குழந்தை தூங்கினதும் தினமும் உங்களைக் கூப்பிடுறாங்களாம், நீங்க எடுக்கவே மாட்டேங்கிறீங்களாம். என்ன கோவம்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க" என்றார். கோபமா! எனக்கா! உன் மேலா! உன்மேல் கோபப்பட எனக்கு எந்தக் காலத்தில் தைரியம் இருந்தது? போனில் சொன்னால் பாதியிலேயே அதட்டுவாய், அதனால் நடந்ததை எழுதியே சொல்கிறேன், கேள்.

போன் மாட்ட வந்த ஆள் நல்ல மனிதர், கொஞ்சம் கனத்த உடம்பு. லிஃப்ட் ஓடாததால் மாடிப்படி ஏறி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் பேச்சே வந்தது. ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்றால் எனக்கு எவ்வளவு கௌரவம், நீயே நினைத்துப் பார். அவர் ஜன்னல் வழியாக மெல்லிசாக ஒரு வயரை இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் ரௌட்டர் என்கிற பெட்டியை வைத்து, அதன் முதுகில் நம் பழைய போனைச் சொருகிவிட்டுப் போய்விட்டார். போன் டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் நீ வந்தபின் எங்கே உட்கார்ந்து பேசுவாய்? உன் நாற்காலி சமையலறை வாசலில் அல்லவா இருக்கிறது! அதனால் போனைப் பிடுங்கிப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், பழையபடி சுவரில் சொருகினேன். அவ்வளவுதான், போன் ஊமையாகிவிட்டது. நானும் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவர்ப் பெட்டியைக் கழற்றினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, ஹால் லைட்டும் அணைந்துபோனது.

கம்பெனிக்குப் போன் பண்ணினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பொம்பளைக் குரல் மிரட்டுகிறது. வீட்டுக்குள் மொபைல் எடுக்காது என்பதால் மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று அழுத்தினேன். அதே ஆள் மறுபடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். "சார், செவுத்துல இருக்கிறது செத்துப்போன லைன். இனிமே போன் இந்தப் பெட்டியிலதான் வேலை செய்யும்." "யோவ், லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட எத்தனை பேரை நான் வெளிய எடுத்திருக்கேன் தெரியுமா?" என்றேன். "தெரியாது சார். ஆனா போன் பெட்டியிலதான்" என்றார். நீளமான வயர் ஒன்று போட்டு, போனை உன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைக்கச் செய்த பிறகுதான் ஆளை விட்டேன். "மொபைல்லருந்து ஒரு தடவை அடிச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போய் அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நானும் காதில் வைத்தபடியே நின்றேன். எடுத்ததும் "யாரு?" என்று ஒரு அதட்டல் போடுவாயே, அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, உள்ளே யார் எடுப்பார்கள்? ஆனாலும் இன்னொரு தடவை அடித்தேன். இப்போது தினமும் சாயங்காலம் போய் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன். லைன் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான், வேறொன்றும் இல்லை. டீச்சர் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

சாயங்காலம் ஒழுங்காக அடிக்கிற போன் நீ கூப்பிடும்போது மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் நீதான். "படுக்கப் போறதுக்கு முன்னாடி எல்லா ஸ்விட்சையும் அணைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவாயே! நீ இருந்தவரை ஒரு நாளாவது கேட்டேனா? நீ போன பிறகு ஒன்றுவிடாமல் கேட்கிறேன். பேச ஆளில்லாத வீட்டில் விழித்திருந்து என்ன செய்வது? சாப்பிட்ட கையோடு எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். அதில் ரௌட்டர் ஸ்விட்சும் ஒன்று. பழைய போனுக்கு வீட்டுக் கரண்டே வேண்டாம். இது கரண்ட் போனால் சவம். நீ அங்கே அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாய், நான் இங்கே உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். என்ன பிழைப்பு இது!

இனி அந்த ஸ்விட்சில் கை வைக்கமாட்டேன், மேலே டேப் ஒட்டியாகிவிட்டது. பேத்திக்கு என் முத்தங்கள். மகள் நன்றாகச் சாப்பிடட்டும். மாப்பிள்ளை எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு என் நன்றியைச் சொல். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு: கவரை ஒட்டப் போன சமயத்தில் போன் அடித்தது. நீதான். பேசியது உனக்கும் ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேம்ப்பா" என்று மகள் குரல் கொடுத்தாள். "அம்மா இன்னும் கொஞ்ச மாசம் இங்கயே இருக்கட்டுமே?" என்றாள். "தாராளமா இருக்கட்டும்மா, எனக்கென்ன?" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை, நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்புறம் "சரி, வெச்சிடுறேன்" என்றாய். உன் "சரி"யோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவன் நான், எனக்கா புரியாது? மகளும் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? மேலே எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டு. இந்தப் பி.கு.வை மட்டும் கிழித்து நீ வைத்துக்கொள். என்னால் முடியலடி. ஒன்று நீ கிளம்பி வா, இல்லை, அப்பாவையும் இங்க கூப்பிட்டுக்கலாமேன்னு நீயா அவகிட்ட சொல்லு. பெட்டி கட்டித்தான் வெச்சிருக்கேன்.