சூலத்துக்குச் சனி, விசாவுக்கு வெள்ளி

சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றை என்றைக்காவது யாராவது முறையாக எழுத உட்கார்ந்தால், கோயம்புத்தூர் கணபதியைச் சேர்ந்த தம்பிதுரைக்கு அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. பெரிய பெரிய நாடுகள் படை திரட்டிப் போய் மீறுகிற எல்லையை அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மீறினார். அதற்காக அவர் ஒரு தோட்டாவையும் செலவு செய்யவில்லை. மெனக்கெட்டதெல்லாம் தினக்காலண்டர் பார்த்ததோடு சரி.

தம்பிதுரை, மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். மகள் ரித்திகா கிழக்கே கடல் தாண்டிய ஒரு நாட்டில் கணவனோடு இருக்கிறாள். நாட்டின் பெயரைச் சொல்வதற்கில்லை. மறுபடியும் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று தம்பிதுரை தனியாகப் போயிருந்தார். விசா ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று மாலை விமானத்துக்கு டிக்கெட்டும் இருந்தது. அதில் ஏறி வந்திருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

ஆனால் வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அன்றைக்கு மேற்குத் திசையில் பயணம் ஆகாது என்று காலண்டர் சொல்கிறது. அந்த நாட்டுக்குக் கோயம்புத்தூர் மேற்கேதான் இருக்கிறது. வடக்கே சத்தியமங்கலத்துக்கு நாலு உதிரிபாகம் அனுப்புவதென்றாலும் செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டியை நிறுத்தி வைக்கிற மனிதர் தம்பிதுரை. கடலைத் தாண்டுவதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவாரா?

"டிக்கெட்ட நடுராத்திரி ஃப்ளைட்டுக்கு மாத்திப்போடு கண்ணு," என்றார் மகளிடம். "பன்னெண்டு தாண்டுனாச் சனிக்கிழமை. சனிக்கிழமை சூலம் கிழக்கால. நமக்கு ஒண்ணும் பண்ணாது."

"அப்பா, விசா வெள்ளிக்கிழமையோட முடியுதுங்கப்பா."

"அதுதான் விடியறதுக்குள்ள ஏறிப்போடறேனல்லோ? பொழுது விடிஞ்சாத்தான கண்ணு சனிக்கிழமை?"

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எங்கேயோ இடிக்கிறது என்று ரித்திகாவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவளும் அதே வீட்டில் வளர்ந்த பெண். டிக்கெட்டை மாற்றிவிட்டாள்.

விமானம் இரண்டரை மணிக்கு. மருமகன் பத்து மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். விமான நிலையம் மகள் வீட்டுக்குக் கிழக்கே இருந்ததால் அதுவரை வந்ததில் தோஷமில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வெளியே அனுப்பும் இடம் எதிரிலேயே, கூட்டமே இல்லாமல் காலியாக இருந்தது. அதைத் தாண்டினால் நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. தம்பிதுரை தாண்டவில்லை. நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, மேற்கு நோக்கி ஓர் அடியும் வைக்காமல், மிச்சமிருந்த வெள்ளிக்கிழமையைக் கண்ணியமாகக் கழித்தார். பன்னிரண்டு அடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விட்டார். பிறகு எழுந்து, சாமி கும்பிட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை நீட்டினார்.

அவரை ஒரு தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி யூனுஸ் தமிழ் பேசுகிறவர், மரியாதையானவர்.

"ஐயா, உங்க விசா நேத்தோட முடிஞ்சிருச்சு."

"நேத்தா? இன்னைக்குத்தானுங்க முடியுது."

"இன்னைக்கு என்ன கிழமை?"

தம்பிதுரை பொய் சொல்லிப் பழகாதவர். "எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார்.

"எதுக்குக் கேட்டா என்ன? கிழமை ஒண்ணுதானே?"

"இல்லீங்க சார். சூலத்துக்குன்னாச் சனிக்கிழமைங்க. விசாவுக்குன்னா இன்னும் வெள்ளிக்கிழமைதானுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கடத்தல்காரர்களையும் கள்ளப் பாஸ்போர்ட்டுகளையும் பார்த்துச் சலித்த மனிதர். இரண்டு கிழமைகளை ஒரே சமயத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"ரொம்ப நேரமா நீங்க எதிர்லயே உட்கார்ந்திருந்ததைக் கேமராவில பார்த்தோம். உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"நல்லா இருக்கறனுங்க. வெள்ளிக்கிழமை போய்த் தொலையட்டும்னு பாத்துட்டிருந்தேனுங்க."

"அதாவது, விசா முடியற வரைக்கும் காத்திருந்திருக்கீங்க."

"நீங்க அப்படிச் சொன்னா அப்படித்தானுங்க வரும்," என்று ஒப்புக்கொண்ட தம்பிதுரை, கடைசி ஆயுதத்தை எடுத்தார். "எங்க கணபதியில இன்னும் மணி பத்துகூட ஆகலீங்களே சார்!"

அது எடுபடவில்லை. அபராதம் கட்டினார். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தது. கணினியில் ஒரு குறிப்பு ஏறியது. அடுத்த தடவை வருவதென்றால் முன்கூட்டி விளக்கம் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி, யூனுஸ் அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார். சூலம் எதுவும் படாமல், பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார் தம்பிதுரை.

வீட்டில் மனைவி துளசிமணி முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுட்டுச் சாயங்காலமே கெளம்பியிருக்கலாமல்லோ? ரெண்டு கிலோ வெல்லம் நானே கட்டிக் குடுத்தேனே புள்ளைக்கு!"

காலண்டரை எடுத்துப் பார்த்தார்கள். 'சூலம்: மேற்கு' என்பதற்கு அடுத்த வரியிலேயே 'பரிகாரம்: வெல்லம்' என்று போட்டிருந்தது. தம்பிதுரை அந்த வரிவரைக்கும் என்றைக்கும் படித்ததில்லை. விசாவையும் அவர் அப்படித்தான் படித்திருந்தார்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பக்கத்துப் பட்டறை நரசிம்மலுவிடம், பேக்கரியில் டீ குடிக்கும்போது, 'யாருக்கும் சொல்லாதீங்க' என்று சொல்லிச் சொன்னார். நரசிம்மலு அந்த வாக்கைக் காப்பாற்றினார். தான் சொன்ன ஒவ்வொருவரிடமும் யாருக்கும் சொல்லாதீங்க என்றே சொன்னார். பேக்கரியில் பத்து நிமிடமாக இருந்தது, பேருந்து நிறுத்தத்தில் பத்து நாளாகி, வாரம் முடிவதற்குள் தங்கக் கடத்தலாக மாறிவிட்டது. "ஏனுங்க, உள்ள சோறு எப்படிங்க போட்டாங்க?" என்று விசாரித்தவர்கள்கூட உண்டு.

நரசிம்மலுவே செயலாளராக இருந்த பட்டறை உரிமையாளர் நலச் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. ஐந்து மணிக் கூட்டம் ஆறரைக்கு 'சரியாக'த் தொடங்கியது. நேரம் தவறிய குற்றத்துக்காக ஓர் உறுப்பினரை அவமதித்த அந்நிய நாட்டை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் எந்த நாடும் இந்தியர்களுக்கு விசா வழங்கும்போது சூரிய உதயம் வரை செல்லும்படி வழங்க வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். கண்டனத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாததால், அதைத் தம்பிதுரையின் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

தம்பிதுரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது காங்கேயத்திலிருந்து வந்த போன்.

மகன் தீபக்கிற்குக் காங்கேயத்தில் பெண் பார்த்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் அவினாசியப்பனின் மகள் கனிஷ்கா. ஜாதகம் பொருந்தி, நிச்சயத்துக்கு நாள் குறிக்கிற கட்டம். பையனும் பெண்ணும் போனில் பேச ஆரம்பித்து, இப்போது பேச்சை நிறுத்தினால் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரும் என்கிற அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

"ஏனுங்க, வெளிநாட்டுல உங்க பேருல கேஸ் இருக்குதாமா?" என்றார் அவினாசியப்பன். "எங்க பரம்பரையில ஒருத்தர் மேல ஒரு பெட்டி கேஸ் கெடையாதுங்க. நாங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பமுங்க. ஒரு நட நேர்ல வந்துட்டுப் போங்க."

தீபக் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பிதுரைக்கு மகன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு துண்டு வெல்லத்தில் போயிருக்க வேண்டிய காரியம், பையன் வாழ்க்கையில் வந்து நிற்கிறதே என்று மனசுக்குள் அழுதார்.

போகிற திசை, திரும்புகிற திசை இரண்டையும் பரிகார வரி உட்படப் பார்த்து, புதன்கிழமை மூன்று பேரும் காங்கேயம் போனார்கள். மில்லுக்கு முன்னாலேயே வீடு. உள்ளே சமையல் மணத்தது. ஆனால் இலை போடுவதாகத் தெரியவில்லை. சம்பந்தம் உறுதியானால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது. அதனால் எல்லோரும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவினாசியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பத்து நிமிசம்னு இதுல எங்கீங்க போட்டிருக்குது?"

"நிமிசமெல்லாம் போடமாட்டாங்களாமுங்க. தேதி மட்டுந்தானுங்க."

"பாத்தீங்களா!" அவினாசியப்பன் பாஸ்போர்ட்டை மூடினார். "பத்து நிமிசமோ பத்து வருசமோ, எல்லாம் ஒண்ணுதானுங்க. அடுத்தவன் எடத்துல, போகச் சொன்னதுக்கப்பறமும் நின்னுட்டிருக்கறதுங்கறது ஒரு பழக்கமுங்க. இன்னைக்கு நாற்காலி போட்டு உக்காருவாங்க. நாளைக்குக் கொட்டாய் போட்டுக் குடி இருந்துபோடுவாங்க. புள்ளையக் குடுக்கறவன் இதெல்லாம் பாக்கோணுமல்லோ?"

எவ்வளவு நியாயமான பேச்சு! தம்பிதுரை தலைகுனிந்தார். தீபக் பாய் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது; அது கனிஷ்காவாகத்தான் இருக்க வேண்டும். துளசிமணிக்கு அது தாங்கவில்லை. எழுந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்து, நேரத்தைக் கொஞ்சம் நீட்டப் பார்த்தார்.

"வந்தது வந்துட்டோம். மில்ல ஒருக்காப் பாத்துட்டுப் போயிரலாமுங்களா அண்ணா?"

மில்லைப் பார்க்கிறேன் என்றால் அவினாசியப்பன் எந்தக் கோபத்தையும் மறந்துவிடுவார். செக்கு, எண்ணெய் டின்கள், புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய களம் நிறையக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. களத்து நடுவில் தம்பிதுரையின் கால் எதிலோ இடறியது. குனிந்து கொப்பரையை விலக்கினார். அரசாங்க எழுத்து வெட்டிய கல் ஒன்று நட்டிருந்தது.

"இது என்னங்க கல்லு?"

"அதுங்களா? கொளத்து எல்லைக் கல்லுங்க."

தம்பிதுரை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "அப்போ மில்லு?"

"கொளத்துக்கரையிலதானுங்க."

"கல்லுக்குக் கொளத்துப் பக்கமல்லோ மில்லு நிக்குது? கரை இந்தப் பக்கமல்லோ இருக்கோணும்?"

"மொதல்ல கரையிலதானுங்க இருந்துச்சு." அவினாசியப்பன் குரலில் ஒரு கலக்கமும் இல்லை. "கொளம் கொஞ்சம் நகந்துபோச்சுங்க."

"கவர்மெண்ட்ல ஒண்ணும் கேக்கலீங்களா?"

"கேக்காம இருப்பாங்களா? காலி பண்ணச் சொல்லி வருசா வருசம் நோட்டீஸ் வருமுங்க. நெம்ப மரியாதையா எழுதுவாங்க. நாங்களும் மரியாதையா வாங்கி வெச்சுக்குவமுங்க."

தம்பிதுரைக்கு ரத்தம் சூடேறியது. இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் திரண்டு நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பழக்கம் என்றாரே, கொட்டாய் என்றாரே! தம்பிதுரை மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

"கணபதிக்கு உங்களப் பத்தி விசாரிக்க வந்தப்போ உங்க பட்டறையப் பாத்தேனுங்க," என்று அவினாசியப்பன் முந்திக்கொண்டார். "வாசல்ல ரோட்டு மேல ஒரு ஷெட்டு போட்டிருக்கறீங்களே, நெம்ப விசாலமா இருக்குதுங்க. டவுன் பஸ்ஸே வளைஞ்சல்லோ போகுது?"

தம்பிதுரை திறந்த வாயை மூடினார். கொப்பரைக்கு வந்த காக்கை ஒன்று கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்தது.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "அங்க ரோடு கொஞ்சம் நகந்துபோச்சுங்க."

அவினாசியப்பன் அவரை உற்றுப் பார்த்தார். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்திருந்தார்கள். இந்தப் பதினொன்றாவது பொருத்தத்தை ஜோசியர் சொல்லவில்லை. முதலில் அவினாசியப்பனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேரும் கொப்பரைக்கு நடுவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தீபக் எதற்கென்று புரியாமலே தானும் சிரித்துவைத்தான்.

"கனிஷ்கா! அம்மாகிட்டச் சொல்லி இலை போடச் சொல்லு அம்மணி!"

இலை விழுந்தது. தீபக் மூன்று நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டான். கனிஷ்கா பரிமாற வந்தபோது அவனுக்குப் புரையேறியது. ஒருவர் மண்ணில் ஒருவர் வம்பாக நிற்பதைக் கனவிலும் பொறுக்காத, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இரண்டு குடும்பங்கள் ஆவணியில் நிச்சயம், ஐப்பசியில் கல்யாணம் என்று அங்கேயே முடிவு செய்தன.

மோர்ச்சோற்றைப் பிசையும்போது அவினாசியப்பனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஆனாலும் சம்பந்தி, ஒரு பத்து நிமிசத்துக்கு எதுக்குங்க அந்த நாட்டுக்காரங்க இத்தனை பண்றாங்க?"

"அவங்க மண்ணு மேல அவங்களுக்கு அத்தனை அக்கறைங்க," என்றார் தம்பிதுரை.

"நமக்கு மட்டும் அக்கறை இல்லீங்களா?" அவினாசியப்பனுக்கு உண்மையிலேயே மனசு நொந்துபோயிற்று. "நாப்பது வருசமா இந்தக் கொளத்த உட்டு ஒரு அடி நகந்திருக்கறமாங்க நாங்க?"