தலைவரின் ரத்தம்

குழாயின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. சிசுரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பொட்டு அப்படியேதான் இருந்தது.

அது உட்காரவே கூடாத பொட்டு. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் உண்டு. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிப்போய் ஓட்டை போடுகிற அடியாட்கள். அவர்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆட்டின் சிவப்பணுக்களை எதிரில் விட்டுப் பார்ப்பார்கள். தெம்பு இருந்தால் அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் சிவக்கும். இல்லாவிட்டால் அவை சௌக்கியமாக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நோயாளியின் ரத்தமாக இருந்தால் சிசுருவுக்கு இப்படி வியர்த்திருக்காது. ஒவ்வொரு வாரமும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். வட ஜப்பானில், அசாஹிகாவா ஊரின் அந்தச் சின்ன மருத்துவமனையில் அந்த ஆரோக்கியமானவர், ஆய்வகத் தலைவர் குவாபரா. பனிக்காலத்திலும் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர், ஒரு நாள்கூட லீவு போடாதவர், இரண்டையும் தானே ஊர் முழுக்கச் சொல்பவர்.

அவருடைய ரத்தம்தான் இன்று பூஜ்யம்.

சிசுருவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே குவாபரா. அவரிடம் போய், உங்கள் ரத்தத்தில் சரக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது?

'சூடு பட்டிருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காம்ப்ளிமென்ட் சூடு தாங்காது என்று படித்திருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ரத்தக் குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி வருவாராம். சிசுரு அப்படிப்பட்டவள் இல்லை. இந்தச் சோதனை அவள் கைக்கு வந்ததே இந்த வாரம்தான்; முதல் குழாயையே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். இந்த முறை இரண்டு மடங்கு பனிக்கட்டி போட்டுக்கொண்டு நர்ஸ் ஒகாஜிமாவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, தலைவரோட ரத்தம் இன்னொரு குழாய் வேணும்."

"காலையிலதானேடி குடுத்தேன்?"

"சூடு பட்டுப் போச்சுக்கா."

"நல்லா வந்தே போ! சரி, அவரை வரச் சொல்லு."

குவாபரா உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டே வெளியே வந்தார். "என்னம்மா, இந்தக் கிழவன் ரத்தம் அவ்வளவு ருசியா இருக்கா?" என்று தானே சிரித்துக்கொண்டு போனார்.

அந்த ரத்தமும் பூஜ்யம்.

மறுநாள் வாளி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு போய் நின்றாள். ஒகாஜிமா கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியுமா? உடம்புல ஒரு சொட்டு விடாம உறிஞ்சிட்டுத்தான் ஓய்வியா?"

"கடைசித் தடவைக்கா. சத்தியமா!"

குழாயைப் பனியில் புதைத்து, கோட்டுகூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து ஓடி வந்தாள். பல் கிட்டிப்போனதுதான் மிச்சம். பொட்டு முன்னைவிட அழகாக உட்கார்ந்திருந்தது.

தாங்க முடியாமல் பக்கத்து மேஜை நைதோவிடம் சொன்னாள். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சேச்சே! நான் ஏன் சொல்றேன்?" என்றான் நைதோ. மத்தியானத்துக்குள் சமையல்கட்டு வரை தெரிந்துவிட்டது.

தலைவரிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் அன்பைக் காட்ட ஆரம்பித்தார்கள். அவரைக் கண்டதும் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பனி வழிக்கப் போனால் கையிலிருந்து மண்வாரியைப் பிடுங்கினார்கள். யாரோ கோயில் தாயத்து ஒன்றை அவர் நாற்காலியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி அவர் தும்மியதற்கு அழுதேவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குவாபரா சிசுருவை ஓரமாகக் கூப்பிட்டார். மனிதர் ஒரே வாரத்தில் இளைத்திருந்தார்.

"ஏம்மா, மேலிடத்துல என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க ஐயா!"

"அப்புறம் ஏன் எல்லாரும் என்கிட்ட இவ்வளவு நல்லா நடந்துக்கிறாங்க? பயமா இருக்கும்மா."

பாவம், நல்ல மனிதர். வேலை போனாலும் போகட்டும், இன்று சொல்லிவிடுவது என்று சிசுரு முடிவு செய்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தலைவர் வழக்கம்போலச் சோற்றின் மேல் பச்சைச் சூரை மீன் கேட்டார். பரிமாறுகிற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பிட்ட பிளம் போட்ட அரிசிக் கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள். மீன் கிண்ணம் எதிரே இருந்த ஒகாஜிமாவிடம் போயிற்று. அவள் முன்னால் ஏற்கெனவே ஒரு தட்டு ஈரல் இருந்தது. "வீணாக்கக் கூடாது பாரு" என்று அதையும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

குவாபரா மேஜையில் ஓங்கித் தட்டினார். "எனக்கென்ன சாவா வந்திருக்கு? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

சிசுரு எழுந்து, தலை மேஜையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. உங்க ரத்தத்துல காம்ப்ளிமென்ட் சைபர். எத்தனை தடவை பார்த்தாலும் சைபர்தான். அவ்வளவு பனிக்கட்டியில பத்திரமா வச்சும்..."

"இரு, இரு. எதுல வச்சே?"

"பனிக்கட்டியில. அப்புறம் பனியில புதைச்சு."

குவாபரா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட மக்கே! சூடும் ஆகாது, சரி. ஆனா சிலர் ரத்தத்துக்குக் குளிரும் ஆகாதுன்னு படிக்கலையா நீ? வெளியே எடுத்துக் குளிர வச்சா, எதிரியே இல்லாம குழாய்க்குள்ளயே சண்டை போட்டுத் தீர்ந்துடும். உடம்புக்குள்ள ஒரு குறையும் இருக்காது. கதகதப்பா வச்சிருந்தா போதுமே!"

கூடம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. பரிமாறுகிற அம்மாள் கஞ்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"பச்சைத் தண்ணியில குளிக்கிறவருக்கா குளிர் ஆகாது?" என்று நைதோ இழுத்தான். தலைவர் பலமாக இருமினார்.

"உன் கையெழுத்து அப்புறம்" என்றார் சிசுருவிடம். "முதல்ல ஒழுங்கா ஒரு முடிவு கொண்டா, பார்க்கலாம்."

"இப்பவே கொண்டு வரேன் ஐயா!" சிசுருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்து உறையைப் பிரித்தாள். "கையை நீட்டுங்க. நானே எடுத்து, அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடிடறேன்."

குவாபரா ஊசியைப் பார்த்தார். அவர் முகம் கஞ்சி நிறத்துக்குப் போயிற்று. அப்படியே நாற்காலியிலிருந்து வழுக்கி மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்.

"ஐயோ, தலைவரே!" என்று கூடமே அலறியது.

ஒகாஜிமா மட்டும் அலறவில்லை. கடைசி மீன் துண்டை நிதானமாக வாயில் போட்டுக்கொண்டு சட்டைக்கையைச் சுருட்டினாள். முழங்கை மடிப்பில் நீலநீலமாக ஊசித் தழும்புகள்.

"அவரை ஏன்டி பயமுறுத்தறே? இத்தனை வருஷமா எடுக்கிற மாதிரி இந்தக் கையிலயே எடுத்துக்கோ."