வேலிக்கு அந்தப்பக்கத்து மருந்து

தக்காளி இலைகள் சுருண்டு கிடந்தன. ஆர்லின் குனிந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

"களைக்கொல்லி!" என்று பல்லைக் கடித்தார். "ராய்ஸ் புல்லுக்கு அடிக்கிற மருந்து. காத்துல பறந்து என் செடி மேல விழுது."

"ராய்ஸா?" என்றாள் சமையலறை ஜன்னலில் நின்ற வெர்னா. மனைவியின் கண் பக்கத்து வீட்டுப் பக்கமே இருந்தது. "அவன் புல்லைப் பாரேன். ஒரு களை இருக்கா? நம்ம வாசல்ல மஞ்சப் பூவா பூத்துக் கிடக்கு."

மாவட்டப் பொருட்காட்சியில் தக்காளிக்கான முதல் பரிசு நீல ரிப்பன் ஒன்பது வருடம் ஆர்லினுடையது. போன ஆகஸ்டில் ராய்ஸ், போனால் போகிறதென்று நாலே செடி வைத்து, அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வருடமும் அவரிடம் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. தக்காளி போனது போதாதென்று, வெர்னா வேறு நாளெல்லாம் அந்த ஜன்னலிலேயே நிற்கிறாள்.

"மருந்து வண்டி வந்துச்சா?"

"வியாழக்கிழமை. நீ பௌலிங் கிளப்புல பந்து உருட்டப் போயிருந்தே."

"எங்க நின்னுச்சு?"

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல," என்று சொல்லிவிட்டு வெர்னா அடுப்பில் இருந்த சாஸேஜைத் திருப்பப் போனாள்.

ஆர்லின் வேலியருகே போனார். அந்தப்பக்கம் ராய்ஸ் முட்டி போட்டு, ஒரு சின்ன முள்கரண்டியால் புல்லைக் குடைந்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதில் இந்த வித்தையெல்லாம் யார் பார்க்கவாம் என்று ஆர்லின் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெர்னா மறுபடி வந்து நின்றிருந்தாள்.

"மருந்தடிக்கிறியா நீ?"

"நானா? எனக்கும் தக்காளி இருக்கேப்பா!"

"உன் வீடு மேற்கால இருக்கு. காத்து என் பக்கம்தானே வருது? கணக்குப் போட்டுத்தானே அடிக்கிறே?"

ராய்ஸ் சிரித்தார். "வெயில்ல ரொம்ப நிக்காதே, ஆர்லின். ஆமா, வெர்னா நல்லா இருக்காளா?"

அந்தக் கேள்விதான் பற்றவைத்தது. அன்று மாலையே வேலி நீளத்துக்கும் ஏழடி உயரத்தில் பிளாஸ்டிக் தாள் எழும்பியது. மருந்தும் வராது, ராய்ஸின் முதுகும் தெரியாது.

ஒரு வாரத்தில் தாளுக்குள் வெக்கை தாங்காமல் பூக்கள் கொத்தாக உதிர்ந்தன. வெர்னா மாடி ஜன்னலுக்கு இடம் மாறினாள்.

"இங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியுது," என்றாள்.

ஜூன் மாதம் வண்டி மறுபடி வந்துபோனது, அதுவும் வியாழக்கிழமை. பௌலிங்கிலிருந்து திரும்பிய ஆர்லின் செடிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். தாள் கட்டிய பிறகு சுருட்டல் கூடியிருந்தது! தாளுக்கு மேலே ஏறி வருகிறது என்று முடிவு செய்து, தினமும் மூன்று வேளை குழாயைப் பிடித்து இலைகளைக் கழுவினார். ஈரம் காயாமல் இலைகளில் கரும்புள்ளி விழுந்தது.

"விட்டுடேன், ஆர்லின். சந்தையில வாங்கிக்கலாம்."

"அவன்கிட்ட தோத்துப் போகச் சொல்றியா? நீ யார் பக்கம்?"

"நான் யார் பக்கமும் இல்ல," என்றாள் வெர்னா. ஆனால் முகம் சிவந்தது. ஆர்லின் அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

ஜூலையில் மச்சானின் பால் பண்ணைக்குப் போய், மாட்டுக் கொட்டகையில் ஓடும் ராட்சத மின்விசிறியை வேனில் ஏற்றிவந்தார். பிளாஸ்டிக்கைக் கிழித்தெறிந்தார். தன் புல்வெளியின் நட்டநடுவில் விசிறியை நிறுத்தி, தக்காளி வழியாக ராய்ஸ் வீட்டைப் பார்த்து முடுக்கினார். இனி ராய்ஸின் மருந்து ராய்ஸுக்கே! இரண்டு கிளை முறிந்ததைக் கூட அவர் பொருட்படுத்தவில்லை. தன் புல்லில் ஒரு மஞ்சள் பூவும் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. அவர் கண் வேலியை விட்டுத் திரும்பினால்தானே?

அடுத்த வியாழக்கிழமை ஆர்லின் பௌலிங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து, கார் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டார். பத்து மணிக்கு வண்டி வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட பருமனான பெண் ஒருத்தி இறங்கி, மருந்துக் குழாயை இழுக்கத் தொடங்கினாள்.

"மாட்டிக்கிட்டீங்களா!" என்று ஆர்லின் பாய்ந்து வந்து குழாயைப் பிடித்துக்கொண்டார். "ராய்ஸ்! வெளிய வாடா! கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!"

ராய்ஸ் கையில் முள்கரண்டியோடு ஓடிவந்தார். மாடி ஜன்னலில் நின்ற வெர்னா சட்டென்று திரையை இழுத்துவிட்டாள்.

அந்தப் பெண் ஆர்லினை மேலும் கீழும் பார்த்தாள்.

"குழாயை விடுங்க சார், அந்த வீட்டுக்காரர் மருந்தே வேண்டாம்னு போன வருஷமே நிறுத்திட்டார், நான் அடிக்க வந்தது இந்த வீட்டுப் புல்லுக்கு, பக்கத்து வீட்டுப் புல்லைத் தோக்கடிச்சே ஆகணும்னு, வியாழக்கிழமைன்னா புருஷன் இருக்க மாட்டார்னு மாடியில நின்ன அம்மாதான் மே மாசத்துலேருந்து வரச் சொல்றாங்க!"